எங்கே கிடைத்தது?

கடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் வந்துவிடும். "பொண்ணு பன்னண்டாவது முடிச்சுட்டாளா?" என்பது முதல் கேள்வி. "எங்க கெடச்சுது?" என்பது இரண்டாவது. கூத்தப்பாக்கத்தில் வீட்டு மாடியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி விழும் இடத்தில் பெரும்பாலும் நானும் நின்றுகொண்டிருப்பேன். பதில் "ஜிப்மர்" என்று வந்தால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்வார். "பாலிடெக்னிக்ல சேர்த்திருக்கோம்" என்று வந்தால் ஒரு நொடி பேச்சு நிற்கும். அப்புறம், "அதுவும் நல்ல லைன்தான்" என்பார். அந்த ஒரு நொடியில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்பதில்லை, எங்கே கிடைத்தது என்கிறோம். படிப்பது என்பது வருடக்கணக்கில் செய்கிற வேலை. கிடைப்பது என்பது வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகிற காரியம். ஒரு பிள்ளை பதினெட்டு வயதில் எந்த வாசலுக்குள் நுழைந்தது என்பதை வைத்தே அதன் அறிவையும், சில நேரம் குணத்தையும்கூட முடிவு கட்டிவிடுகிறோம். உள்ளே போய் நாற்பது வருடம் அது என்ன செய்யப்போகிறது என்பது நம் கேள்வியில் இல்லவே இல்லை. இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது, அந்த வாசல்கள் உண்மையில் எதை அளக்கின்றன என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

படித்தவரைக் கொண்டாடுவது நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 183ஆவது பாட்டு, பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது, முழுக்க முழுக்கக் கல்வியின் பெருமைதான். கீழே இருப்பதாகச் சொல்லப்படும் பிரிவில் பிறந்தவன் கற்றுவிட்டால் மேலே இருப்பவனும் அவனுக்கு அடங்கி நடப்பான் என்கிறது. பிறப்பை வைத்து ஆளை அளந்த ஒரு சமூகத்தில் இது எவ்வளவு பெரிய வாக்குறுதி! ஆனால் அதே பாட்டில் இன்னொரு வரியும் உண்டு: "சிறப்பின் பாலால் தாயும் மனம் திரியும்". ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளும், கற்ற பிள்ளையின் பக்கம் தாயின் மனம் சாய்ந்துவிடுமாம். பாண்டியன் இதைக் கல்வியின் பெருமைக்குச் சான்றாகத்தான் சொன்னான். ஆனால் சாயாத பக்கத்தில் நிற்கும் பிள்ளையை தினமும் பார்க்கிற எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வலிக்கிறது. வாக்குறுதி, காயம் இரண்டும் ஒரே பாட்டில் இருக்கின்றன. கல்வியைக் கொண்டாடும் எந்தச் சமூகத்திலும் இவை இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கே இந்த மரியாதையில் பழைய பங்கு உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் அப்பர் தருமசேனர் என்ற பெயரில் இருந்தது அங்கேதான் என்பது பெரியபுராண வழக்கு. கி.பி. 458இல் உலக அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்ற நூலோடு தொடர்புபடுத்தப்படும் பாடலிகை என்ற ஊர் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்துப் பண்டிதரை ஊர் மதித்தது என்றால், அவர் வாதத்தில் நின்றதை, நூல் எழுதியதை, பாடம் சொன்னதைக் கண்முன் பார்த்து மதித்தது. சோதித்துப் பார்க்க முடிகிற மரியாதை அது.

இதில் பெரிய திருப்பம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரி வேலை வேண்டுமென்றால் அதுவரை லண்டனில் இருந்த இயக்குநர்களின் சிபாரிசு வேண்டும். 1855 முதல் போட்டித் தேர்வு வந்தது. சிபாரிசோடு ஒப்பிட்டால் இது நியாயமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தேர்வின் நோக்கம் குறுகியது. இருக்கிற சில நாற்காலிகளுக்கு ஆட்களைப் பொறுக்குவது மட்டுமே அதன் வேலை. தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த கடலூரில், எங்கள் தாத்தாக்கள் கண்ணால் கண்ட மிகப் பெரிய மனிதர் மஞ்சக்குப்பத்தில் இருந்த கலெக்டர். அவர் ஒரு பரீட்சையில் தேறி வந்தவர். இருபது கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் பிரெவே, பக்கலோரேயா சான்றிதழ்களுக்கு அந்த மதிப்பு. இப்படித்தான் "பெரிய பரீட்சை பாஸானவர்" என்பதும் "பெரிய மனிதர்" என்பதும் நம் மனதில் ஒன்றாகிப்போயின. நாற்காலிக்காகச் செய்த தராசில் மனிதரையே நிறுக்கத் தொடங்கினோம்.

தேர்வுத் தரவரிசை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்குக் கணக்கு வாத்தியாரான எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கேம்பிரிட்ஜ். அங்கே கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்லர் என்று பெயர். முதலிடம் பிடித்தவர் சீனியர் ராங்லர். அவரை இங்கிலாந்தே கொண்டாடும். 1899இல் பராஞ்சிபே அந்த இடத்தைப் பிடித்தபோது இந்தியாவும் கொண்டாடியது. கடைசிவரை அவர் ராங்லர் பராஞ்சிபேதான். சரி, இயற்பியலை மாற்றிய மூன்று பேரின் இடத்தைப் பாருங்கள். கெல்வின் 1845இல் இரண்டாவது. மாக்ஸ்வெல் 1854இல் இரண்டாவது. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் 1880இல் இரண்டாவது. அவர்களை முந்தியவர்களும் திறமைசாலிகள்தாம். ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் கேட்ட கணக்கைப் போடும் வேகமும், இதுவரை யாரும் கேட்காத கேள்வியோடு பத்து வருடம் உட்காருவதும் வேறு வேறு திறமைகள். 1909க்குப் பிறகு கேம்பிரிட்ஜே வரிசைப்படி பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்தினோம். பட்டியல் போய்விட்டது. ஆனால் லாரன்ஸ் ரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர்கள் இன்னும் நிற்கின்றன.

ராமானுஜன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒரு காட்சியை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு முறிந்து, எஃப்.ஏ. தேர்வில் தோற்று, வேலை இல்லாமல் அலைந்த அவர், 1910இல் திருக்கோவிலூருக்கு வந்தார். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். அங்கே துணை கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. கையில் கல்லூரிச் சான்றிதழ் இல்லை, நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. ராமசாமி ஐயர் அந்த நோட்டைப் பிரித்துப் படித்தார். இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து அணைத்துவிட மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். வேலை தரவில்லை, கணிதம் தெரிந்த சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

மூன்று வருடம் கழித்து ராமானுஜனின் கடிதங்கள் கேம்பிரிட்ஜுக்குப் போயின. பின்னால் அவரை அங்கே வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு முன்பே அவற்றைப் பெற்றவர்கள் பேக்கர், ஹாப்சன் என்ற கணிதவியலாளர்கள் இருவர் என்பது வாழ்க்கை வரலாற்றாளர்கள் சொல்வது. அவர்களிடமிருந்து உதவி வரவில்லை. இருவருமே தங்கள் ஆண்டில் சீனியர் ராங்லர் இடத்தில் இருந்தவர்கள். உட்கார்ந்து படித்த ஹார்டி 1898இல் நான்காவது. இதை வைத்து நான்காவது வருபவர்தான் மேல் என்று சொல்ல வரவில்லை. திருக்கோவிலூரிலும் கேம்பிரிட்ஜிலும் நடந்த நல்லது ஒன்றே: யாரோ ஒருவர் ஆளின் இடத்தைக் கேட்காமல் நோட்டைப் படித்தார். ஆனால் நாம் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. ராமானுஜனையும் மாலை போட்டுப் படமாக மாட்டிவிட்டு, "மேதையா இருந்தா பரீட்சை தேவையில்ல, நீ மேதையா?" என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். நோட்டைப் படிக்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டோம்.

புதுச்சேரியில் நடந்த இரண்டு சம்பவங்கள் எனக்கு இதைவிட முக்கியமானவை. முதலாவது, லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளருடையது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினர். சூரியனை வெள்ளி கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காகப் புறப்பட்டார். 1761இல் அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலில் இருந்து அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றபோது மேகம் மூடிவிட்டது. 1771இல் பிரான்சுக்குத் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு செய்து சொத்தைப் பங்கு பிரிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கழகத்தில் அவருடைய இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுதான் என்றால் இது ஒரு தோல்விக் கதை. ஆனால் புதுச்சேரியில் காத்திருந்த காலத்தில் அவர் இன்னொரு வேலை செய்தார். தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையை ஒரு உள்ளூர்க்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்து ஒப்பிட்டார். தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவின் அன்றைய சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகமாகச் சொன்னது. லெ ஜாந்தி இதை மறைக்காமல் எழுதிவைத்தார். அவருடைய பெரிய பயணத்தின் பெரிய நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் இந்த ஒரு பதிவு இல்லையென்றால் அந்தத் தமிழ்க் கணக்கின் துல்லியம் நமக்கே தெரிந்திருக்காது.

இரண்டாவது, 1825. முன்பு சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். மே 31 இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் பேப்பரும் பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். அட்டவணைகள் எல்லாம் அவருடைய நினைவில் இருந்தன, எண்களாக அல்லாமல் சொற்களாக. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இலக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிறு வாக்கியமே ஒரு பெரிய எண்ணாகிவிடும். சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, மறுபடி அப்படி அருகே வர ஏறக்குறைய 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிட்டால் சந்திரன் எந்த நாளில் எங்கே இருக்கும் என்பது நாக்கு நுனியில் இருக்கும். நம் வீடுகளில் வாங்கிவைக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். ஆனால் கணக்கு மனதிலும் தரையிலும் தெளிவாக ஓடியது. விடை? கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம் தவறு, நடு நேரத்தில் 23 நிமிடம், முடியும் நேரத்தில் 52 நிமிடம். எல்லாமே துல்லியம் என்று நான் அளக்க வரவில்லை. பள்ளியில் எந்தப் பரீட்சையும் எழுதாத ஒருவர், சோழியை வைத்து, வானத்தில் நடக்கப்போவதை 4 நிமிடப் பிழையில் தொட்டார். அது எந்தப் பட்டியலிலும் ஏறக்கூடிய திறமை இல்லை. காலம் கணிப்பவருக்குத் தமிழில் பழைய பெயர் கணியன். "யாதும் ஊரே" என்று தொடங்கும் பாட்டை எழுதிய பூங்குன்றனும் ஒரு கணியன்தான். அந்தப் பாட்டின் முதல் வரியை உலகமெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். கடைசி வரிகளில் அவர் பெரியோரை வியத்தலும் இலம், சிறியோரை இகழ்தல் அதைவிடவும் இலம் என்கிறார். வானத்தைப் பார்த்து நாள் எண்ணியவர் மனிதரை வரிசைப்படுத்த மறுத்தார். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

புகழ் எப்படிச் சேருகிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். மத்தேயு நற்செய்தியில் வரும், உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்ற வசனத்தை வைத்து அதற்கு மத்தேயு விளைவு என்று பெயர் வைத்தார். ஒரே வேலையைப் பெயர் பெற்ற ஒருவரும் பெயரில்லாத ஒருவரும் செய்தால், பாராட்டு பெயர் பெற்றவருக்கே போகும். அவர் எடுத்துக்காட்டிய ஒரு விஷயம் 41ஆவது நாற்காலி. 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதெமியில் 40 நாற்காலிகள் மட்டுமே. டெகார்ட், பாஸ்கல், மொலியேர் யாரும் அவற்றில் உட்கார்ந்ததில்லை. நாற்காலிகளின் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் தகுதி உள்ளவர்கள் வெளியே நிற்பது தவிர்க்க முடியாதது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அதற்கு முன் 1937இல் அந்த இடத்தின் அருமையை உணர்ந்த கல்லூரி ஆசிரியர் ழுவோ துப்ரேய் பெயர் சில புத்தகங்களில் இருக்கிறது. மண்ணில் கிடந்த மணிகளைப் பொறுக்கி அவரிடம் கொண்டுவந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2024இல் நீட் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 லட்சத்துக்குச் சற்று மேல். மொத்த மதிப்பெண் 720. சும்மா வகுத்துப் பார்த்தாலே ஒரு மதிப்பெண்ணுக்குச் சராசரியாக 3,200 பேர் வருகிறார்கள். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறையும். அதாவது ஒரே ஒரு கேள்வியில் விடை மாறினால் 5 மதிப்பெண். சராசரிப்படி 16,000 பேர் முன்னாலோ பின்னாலோ போய்விடுவார்கள். என்னிடம் படிக்கும் ஒரே பிள்ளை, ஒரே பாடத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு மாதிரித் தேர்வு எழுதினால் முப்பது நாற்பது மதிப்பெண் வித்தியாசம் வருவது சாதாரணம். தலைவலி, தூக்கம், ஒரு கேள்வியைத் தவறாகப் படித்தது என்று எத்தனையோ காரணம். மிக மேலே இருப்பவரையும் மிகக் கீழே இருப்பவரையும் இந்தத் தராசு பிரித்துவிடும். ஆனால் கட்-ஆஃப் கோடு விழுவது கூட்டம் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில். அங்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவரையும் அந்தப் பக்கம் நிற்பவரையும் தேர்வு பிரிக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தது. இடங்கள் குறைவு, யாரையாவது பொறுக்கியாக வேண்டும், அதனால் கோடு போடுகிறார்கள். அதை ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் கோடு பிள்ளையின் மேல் விழுந்த தீர்ப்பு என்று நம்புவதை ஏற்க முடியவில்லை.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லவேண்டும். "ரேங்க் எல்லாம் ஒண்ணும் இல்ல, மனசுக்குப் பிடிச்சதைச் செய்" என்று சொல்வது வசதி உள்ளவர்களுக்கு எளிது. தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிற வீட்டிலோ, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வீட்டிலோ முதல் முறையாக ஒரு பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்தால், அந்த வீட்டின் மூன்று தலைமுறைக் கடன் தீர்கிறது. பள்ளிக்குள்ளேயே விடப்படாத மக்களின் பேத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கும்போது அந்தத் தெரு பேனர் கட்டாமல் என்ன செய்யும்? 2020இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொண்டுவந்த பிறகு இப்படிப் பேனர் கட்டிய தெருக்கள் கூடின. அந்தக் கொண்டாட்டத்தை நான் கைகூப்பி மதிக்கிறேன். புறநானூற்றுப் பாட்டின் வாக்குறுதிப் பக்கம் அது. சிக்கல் தொடங்குவது, அதே தெருவில் மற்ற பிள்ளைகளிடம் "பார்த்தியா அவளை" என்று சொல்லும்போது. 1950களில் திறமையாட்சி என்ற கருத்தை எச்சரிக்கையாக முன்வைத்தவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங். பிறப்பால் கீழே தள்ளப்பட்டவர் "இது அநியாயம்" என்றாவது சொல்ல முடிந்தது. தேர்வால் தள்ளப்பட்டவர் "நான் லாயக்கில்லை" என்று தானே நம்பிவிடுவார் என்பதுதான் அவருடைய கவலை. அந்த நம்பிக்கையோடு என் மாடிப்படி ஏறிவரும் பிள்ளைகள் எத்தனை பேர்!

உள்ளே போனவர்களுக்கும் இது நல்லதில்லை. பெரிய கல்லூரி ஒன்றில் சேர்ந்த என் மாணவன் முதல் செமஸ்டரில் இரவு பதினோரு மணிக்கு போன் செய்தான். "இங்க எல்லாருமே ஃபர்ஸ்ட் ரேங்க் சார்" என்றான். அதற்கு மேல் பேச வரவில்லை அவனுக்கு. பன்னிரண்டு வருடம் எல்லாரும் அவனுக்குச் சொன்னது "நீ ஃபர்ஸ்ட்" என்பது மட்டும்தான். இனி எதற்காகப் படிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எதை வைத்து ஒருவர் தன்னை அளந்துகொள்வது? புதுச்சேரியில் ஒரு பள்ளி இதற்கு வேறு விடை சொல்லிப் பார்த்திருக்கிறது. அரவிந்தர் இளைஞராக இருந்தபோது லண்டனில் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியவர். குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாமல் அந்தப் பதவியை விட்டவர். 1943இல் ஆசிரமத்தில் தொடங்கி, பின்னால் அவர் பெயரில் வளர்ந்த கல்வி மையம் பட்டமோ சான்றிதழோ கொடுப்பதில்லை. இதை எல்லாப் பள்ளியும் பின்பற்ற முடியாது. மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் வீட்டுக்குக் காகிதம் தேவை. மஞ்சக்குப்பத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தனுக்கு 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்ததையும் எங்கள் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் ஒரு மேடையை விட்டுவிட்டு இன்னொரு மேடையைக் காட்டுவது விடையாகாது. மேடையே ஏறாத வாழ்க்கைக்கு என்ன அளவு என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த நல்ல விடை முதுநகர் துறைமுகத்தில் இருக்கிறது. என்னிடம் படித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த பையன் அங்கே விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறான். அவனுடைய பெரியப்பா மகன் ஐ.ஐ.டி. பதினைந்து வருடமாக எல்லா விசேஷத்திலும் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் பேச்சுவாக்கில் அவனிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "நான் கை வெச்ச எஞ்சின் நடுக்கடல்ல நிக்கக் கூடாது சார். அவ்வளவுதான் எனக்கு" என்றான். படகு கிளம்பும் தேதியைப் போனில் குறித்துவைப்பானாம். கரை திரும்பும் நாளில் ஓட்டுநரைக் கூப்பிட்டு எஞ்சின் எப்படி ஓடியது என்று கேட்பானாம். யாரும் அவனை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

நான் அதைப் பல நாள் யோசித்தேன். தனக்கென்று ஒரு வெற்றியை வரையறுத்துக்கொள்வது என்றால் தாராளமாக மார்க் போட்டுக்கொள்வது என்று பலரும் நினைக்கிறார்கள். அவனுடைய அளவு கட்-ஆஃபைவிடக் கறாரானது. அதில் அவன் தோற்க முடியும். தோற்றால் எட்டுப் பேர் கடலில் தவிப்பார்கள். பதிலைச் சொல்லப்போவது வாசலில் நிற்கும் யாரோ இல்லை, திரும்பி வரும் படகு. அவனே சரிபார்க்கக்கூடியது. வருடத்துக்கு ஒருமுறை வருவதில்லை, மாதத்தில் நாலைந்து முறை வருகிறது. அவனுடைய அண்ணன் எங்கே இருக்கிறான் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணனுக்கும் இப்படி ஒன்று இருக்கலாம். அவனை யாரும் கேட்டதில்லை.

எனக்கும் இது தாமதமாகத்தான் வந்தது. எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டேன். நேர்காணலில் கணக்கில் ஒரு கேள்விகூட வருவதற்கு முன் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்கள்; பதிலுக்குப் பிறகு யாரும் தலையை நிமிர்த்தவில்லை. பத்து வருடம் அதைத் தோல்வியாகவே சுமந்தேன். டியூஷனில் ஒவ்வொரு பிள்ளையும் செய்யும் தவறை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு கட்டத்தில் அந்த நோட்டுகளைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. வகை நுண்கணிதத்தில் திணறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உண்மையில் ஆறாம் வகுப்புப் பின்னத்தில் வழுக்கியவர்கள். அப்போதிலிருந்து என் அளவு இதுதான்: இந்த வாரம் யாருடைய தவறு எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்தேனா? சில வாரம் இல்லை என்றே எழுதவேண்டி வரும்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். வாரன் புதுச்சேரியில் சோழிக் கணக்கைப் பார்த்து 200 வருடம். ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். 248 வாக்கியங்களை எங்களால் மனப்பாடம் செய்ய முடியாது. எளிய வழி ஒன்று உண்டு: ஒரு கிரகணத்திலிருந்து 223 பௌர்ணமி தள்ளி அதே மாதிரி இன்னொரு கிரகணம் வரும். 2007 ஆகஸ்ட் 28 கிரகணத்தின் நடு நேரம் இந்திய நேரப்படி மாலை 4 மணி 7 நிமிடம் என்று பலகையில் எழுதிப்போட்டேன். சோழிக்குப் பதில் புளியங்கொட்டை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.530589 நாள். அதை 223ஆல் பெருக்கித் தரையில் பரப்பி முதலில் முடித்தவள், இரண்டாவது தடவை நீட் எழுதியும் இடம் கிடைக்காமல், என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்துகொண்டிருந்த பெண். 6,585 நாள், 7 மணி, 43 நிமிடம் என்றாள். அப்படியென்றால் செப்டம்பர் 7, இரவு 11 மணி 50 நிமிடம்.

அன்றிரவு மாடியில் பதினோரு பேர். மேகம் வந்து வந்து போனது. பதினோரு மணிக்கு நிலா முழுதாகச் செம்பு நிறமானது. 12 மணி 22 நிமிடம் வரை அப்படியே இருந்தது. நடு நேரம் 11 மணி 42 நிமிடம் என்றுதான் வானியல் அட்டவணை சொன்னது. எங்கள் விடை 8 நிமிடம் தள்ளி. மற்ற பிள்ளைகள் "கிட்ட வந்துட்டோம்" என்று கைதட்டினார்கள். அந்தப் பெண் கைதட்டவில்லை. கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்து, செல்போன் வெளிச்சத்தில் பெருக்கலை மறுபடியும் போட்டுப் பார்த்தாள். பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சார், அப்ப அந்த எட்டு நிமிஷம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

சந்திரன் எல்லா நாளும் ஒரே வேகத்தில் போவதில்லை என்று ஆரம்பித்தேன். கீழே இருந்து அவளுடைய அம்மா கூப்பிடும்போது மணி ஒன்றரை.